வானியல் படிமங்களை வடிகட்டுதலும் மென்பொருள்வழி மூலங்கண்டறிதலும்

வானியல் படிம வடிகட்டல் என்பது தொலைநோக்கியில் பதிவான படிமத்தின் ஒவ்வொரு பிக்சல் மதிப்பையும் அதன் அண்டைப் பிக்சல்களுடன் சேர்த்துக் கணக்கிட்டு, இரைச்சலைத் தணித்து, மங்கலான விண்மீன்களையும் விண்மீன் பேரடைகளையும் மென்பொருள் கண்டறிய ஏற்றதாக்கும் கணக்கீட்டு முறையாகும். தொலைநோக்கியின் முன் பொருத்தப்படும் வண்ணக் கண்ணாடி வடிகட்டியிலிருந்து இது வேறுபட்டது. கண்ணாடி வடிகட்டி ஒளி பதிவாகும் முன்பே அதன் ஒரு பகுதியைத் தடுக்கிறது. இங்கு கூறப்படும் வடிகட்டி, பதிவு முடிந்தபின் எண்களின்மீது செயல்படுகிறது.

படிமத்தில் ஒளி தரும் எப்பொருளும் வானியலில் மூலம் எனப்படும். மூலங்களைக் கண்டறியும் மென்பொருள் இரு வகைகளில் தவறலாம். உண்மையான மூலத்தை விட்டுவிடுவது ஒன்று, இரைச்சலை மூலம் என்று பதிவது மற்றொன்று. முதல் தவற்றைக் குறைக்க முயன்றால் இரண்டாவது பெருகும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க உதவுவது, மூலத்தின் வடிவத்துக்குப் பொருந்தும் வடிகட்டியாகும். ஆயினும் வடிகட்டி படிமத்தில் இல்லாத ஒளியைப் புதிதாகச் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே பல பிக்சல்களில் சிதறிக் கிடக்கும் ஒளியை அது ஓரிடத்தில் திரட்டிக் காட்டுகிறது.

கண்ணிலிருந்து மென்பொருளுக்கு

தமிழகத்தில் மூலங்கண்டறிதல் கண்ணால் செய்யும் பணியாகவே தொடங்கியது. சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மதராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் 1861 ஏப்ரல் 17 அன்று ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் என்பதால் அதற்கு ஆசியா என்று பெயரிடப்பட்டது. வானப்பகுதியின் வரைபடத்தைத் தொலைநோக்கியில் தெரியும் காட்சியுடன் ஒப்பிட்டு, வரைபடத்தில் இல்லாத புள்ளியைத் தேடுவதே அக்காலத்து முறை. விண்மீன்களின் பொலிவை அளக்க இன்றும் பயன்படும் பொலிவெண் அளவுகோலை வரையறுத்தவரும் போக்சனே. 1856-இல் அவர் முன்மொழிந்தபடி, 5 பொலிவெண் வேறுபாடு என்பது ஒளியில் 100 மடங்கு வேறுபாடாகும்.

பின்னர் ஒளிப்படத் தட்டுகள் வந்தன. திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் ஆர். இராஜமோகன் தலைமையிலான குழு 1988 பிப்ரவரி 17 அன்று கண்டறிந்த சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. அதன் வரிசையெண் 4130.

சிசிடி உணரிகள் பரவியதும் ஒரே இரவில் பல இலட்சம் மூலங்கள் பதிவாயின. அவற்றைக் கண்ணால் தேடுவது இயலாததாயிற்று. கனடாவைச் சேர்ந்த பீட்டர் ஸ்டெட்சன் 1987-இல் டாவோஃபாட் என்னும் மென்பொருளை வெளியிட்டார். நெருக்கமான விண்மீன் கூட்டங்களில் பொலிவை அளக்க அது இன்றும் பயன்படுகிறது. 1996-இல் இம்மானுவேல் பெர்டினும் ஸ்டெஃபான் ஆர்னூவும் வெளியிட்ட சோர்ஸ் எக்ஸ்ட்ராக்டர், பேரடை ஆய்வுகளில் மிகப் பரவலாகப் பயன்படும் கருவியாயிற்று. இவ்விரண்டுமே வரம்பை ஒப்பிடும் முன் படிமத்தை வடிகட்டுகின்றன.

படிமத்தில் இருப்பவை

வானியல் படிமம் என்பது எண்களாலான ஓர் அட்டவணை. ஒவ்வொரு பிக்சலின் எண்ணிலும் மூன்று பகுதிகள் கலந்திருக்கும்.

முதலாவது மூலத்தின் ஒளி. விண்மீன் வெகு தொலைவில் இருப்பதால் அது ஒரு புள்ளியாகவே பதிவாக வேண்டும். ஆனால் வளிமண்டலக் கொந்தளிப்பும் தொலைநோக்கியின் ஒளியியலும் அப்புள்ளியைச் சிறு வட்டமாகப் பரப்பிவிடுகின்றன. இவ்வடிவம் புள்ளிப் பரவல் எனப்படும். ஒரு படிமத்தின் குறிப்பிட்ட பகுதியிலுள்ள எல்லா விண்மீன்களும் ஏறத்தாழ ஒரே பரவல் வடிவத்தையே கொண்டிருக்கும். பொலிவு மட்டுமே மாறுபடும். இவ்வடிவம் முன்கூட்டியே தெரிவதால்தான் வடிகட்டல் பயன் தருகிறது.

இரண்டாவது பின்னணி ஒளி. இரவு வானம் முழு இருளில் இருப்பதில்லை. நிலவொளி, வளிமண்டலத்தின் இயல்பான மிளிர்வு, நகர விளக்குகளின் ஒளி ஆகியவை எல்லாப் பிக்சல்களிலும் சேர்கின்றன.

மூன்றாவது இரைச்சல். ஒளி தனித்தனி ஒளியன்களாக வருவதால் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் சற்றே மாறும். சராசரியாக 100 ஒளியன்கள் வரும் இடத்தில் ஏறத்தாழ 10 என்ற அளவில் ஏற்ற இறக்கம் இருக்கும். 10,000 வரும் இடத்தில் அது 100 ஆகும். எண்ணிக்கையின் வர்க்கமூலமே அதன் திட்டவிலக்கம். உணரியின் மின்னணுவியலும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கிறது.

பின்னணியின் சராசரியைக் கழித்துவிட முடியும். அதன் ஏற்ற இறக்கத்தைக் கழிக்க முடியாது.

வடிகட்டி செயல்படும் முறை

வடிகட்டி என்பது சிறிய எடை அட்டவணை. அதைப் படிமத்தின் ஒவ்வொரு பிக்சல்மீதும் வைத்து, அங்குள்ள எண்களை எடைகளால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கிடைக்கும் தொகையே அந்தப் பிக்சலின் புதிய மதிப்பு. கணிதத்தில் இச்செயல் கான்வல்யூஷன் எனப்படுகிறது.

சோர்ஸ் எக்ஸ்ட்ராக்டரின் இயல்பு வடிகட்டி 3 வரிசைகளும் 3 நிரல்களும் கொண்டது.

1 2 1
2 4 2
1 2 1

எடைகளின் கூட்டுத்தொகை 16 என்பதால் இறுதி விடை 16-ஆல் வகுக்கப்படுகிறது.

ஓர் எளிய எடுத்துக்காட்டு இதன் பயனைக் காட்டும். பின்னணியைக் கழித்த படிமம் ஒன்றில் இரைச்சலின் திட்டவிலக்கம் 10 என்று கொள்வோம். அதிலுள்ள ஒரு மங்கலான விண்மீனின் ஒளி பின்வருமாறு பரவியிருக்கிறது.

8 16 8
16 32 16
8 16 8

வடிகட்டும் முன் விண்மீனின் உச்சம் 32. அது இரைச்சலின் 3.2 மடங்கு. வடிகட்டிய பின் மையப் பிக்சலின் மதிப்பு 18 ஆகக் குறைகிறது. ஆனால் இரைச்சல் அதைவிட வேகமாகக் குறைகிறது. எடைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 36. அதன் வர்க்கமூலம் 6. அதை 16-ஆல் வகுத்தால் 0.375. எனவே இரைச்சல் 10-இலிருந்து 3.75 ஆகிறது. இப்போது விண்மீனின் உச்சம் இரைச்சலின் 4.8 மடங்கு. குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஒன்றரை மடங்கு உயர்ந்துள்ளது. போக்சன் அளவுகோலில் இது ஏறத்தாழ 0.44 பொலிவெண் மங்கலான விண்மீன்களையும் எட்டுவதற்குச் சமம். வடிகட்டாமல் இதே பயனைப் பெற 2.25 மடங்கு நேரம் ஒளியைப் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

மூலத்தின் வடிவமும் வடிகட்டியின் வடிவமும் ஒன்றாக இருப்பதே இதற்குக் காரணம். அத்தகைய வடிகட்டி பொருந்து வடிகட்டி எனப்படும். ராடார் குறிகைகளுக்காக 1943-இல் டி. ஓ. நார்த் இக்கருத்தை வகுத்தார். இரைச்சல் எல்லாப் பிக்சல்களிலும் ஒரே அளவாகவும் ஒன்றையொன்று சாராமலும் இருக்கும்போது, இதைவிடச் சிறந்த எடையிட்ட கூட்டல் வேறில்லை என்பது நிறுவப்பட்ட உண்மை.

பொருந்தாத வடிகட்டி தீங்கும் செய்யும். மேற்கண்ட விண்மீனுக்கு 9 பிக்சல்களின் எளிய சராசரியைப் பயன்படுத்தினால் விகிதம் 4.27 ஆகும். இது 4.8-ஐவிடக் குறைவு என்றாலும் வடிகட்டாத 3.2-ஐவிட மேல். 25 பிக்சல்களின் சராசரியை எடுத்தால் விகிதம் 2.56 ஆகச் சரிகிறது. விண்மீன் இல்லாத பிக்சல்களின் இரைச்சலும் சேர்ந்துகொள்வதால், வடிகட்டாமல் விட்டதைவிட நிலைமை மோசமாகிறது. படிமத்தை எவ்வளவு மென்மையாக்குகிறோமோ அவ்வளவு நன்று என்னும் எண்ணம் இதனால் தவறாகிறது.

வரம்பும் போலி மூலங்களும்

வடிகட்டிய படிமத்தில் ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் பிக்சல்களை மென்பொருள் தேர்ந்தெடுக்கிறது. வரம்பு பொதுவாகத் திட்டவிலக்கத்தின் மடங்காகத் தரப்படும். பக்கத்துக்கு 1,000 பிக்சல்கள் கொண்ட படிமத்தில் மொத்தம் 10 இலட்சம் பிக்சல்கள் உள்ளன. அதில் ஒரு விண்மீன்கூட இல்லை என்றாலும், இயல்நிலைப் பரவலின்படி 3 மடங்கு வரம்பைச் சுமார் 1,350 பிக்சல்கள் தற்செயலாகத் தாண்டும். 4 மடங்கில் சுமார் 32 பிக்சல்களும், 4.5 மடங்கில் மூன்று அல்லது நான்கும் தாண்டும். 5 மடங்கில் சராசரியாக ஒன்றுகூட இராது.

மேற்கண்ட எடுத்துக்காட்டின் விண்மீன் வடிகட்டும் முன் 3.2 மடங்கில் இருந்தது. அதைப் பிடிக்க வரம்பை 3-க்கு இறக்கினால், ஆயிரத்துக்கு மேற்பட்ட போலிகளுக்கிடையே அது தொலைந்துவிடும். வடிகட்டிய பின் வரம்பை 4.5-இல் வைத்தாலும் அது தப்பி நிற்கிறது. போலிகளோ ஒற்றை இலக்கத்தில் அடங்குகின்றன.

வரம்பைத் தாண்டிய பிக்சல்கள் எத்தனை அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. சோர்ஸ் எக்ஸ்ட்ராக்டரின் மாதிரி அமைப்பில் வரம்பு 1.5 மடங்கு என்று தாழ்வாக இருப்பது இந்நிபந்தனை துணை நிற்பதால்தான். ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. வடிகட்டிய பின் அண்டைப் பிக்சல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை ஆகிவிடுகின்றன. ஒரு பிக்சலில் தற்செயலாக எழுந்த இரைச்சல் அதன் அண்டையிலும் பரவி, சிறு விண்மீன் போன்ற மேடாகத் தோன்றும். ஆகவே அடுத்தடுத்த பிக்சல் நிபந்தனை வடிகட்டாத படிமத்தில் தரும் பாதுகாப்பை வடிகட்டிய படிமத்தில் முழுமையாகத் தராது. மென்பொருள் வரம்பைக் கணக்கிட எந்தப் படிமத்தின் இரைச்சலை எடுத்துக்கொள்கிறது, மூலப் படிமத்தினதா வடிகட்டியதனதா என்பதையும் பயன்படுத்துவோர் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடிகட்டி வகைகள்

காஸ் வடிகட்டி: மணி போன்ற வடிவம் கொண்டது. விண்மீன்களின் புள்ளிப் பரவலுக்கு நெருக்கமானதால் மிகுதியாகப் பயன்படுகிறது. சோர்ஸ் எக்ஸ்ட்ராக்டர் வெவ்வேறு அகலமுள்ள காஸ் வடிகட்டிகளைக் கோப்புகளாகவே வழங்குகிறது. பரவலின் அரை உயர முழு அகலம் 2.5 பிக்சல் என்றால் அதே அகலமுள்ள கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மெக்சிகத் தொப்பி வடிகட்டி: நடுவில் உயர்ந்தும் சுற்றிலும் எதிர்மறையாகவும் இருக்கும். எடைகளின் மொத்தம் சுழி என்பதால் சீரான பின்னணி தானாகவே நீங்கிவிடும். பொலிவான விண்மீன்களைச் சுற்றி இருண்ட வளையம் தோன்றுவது இதன் குறை. அவ்வளையத்தில் விழும் மங்கலான மூலங்கள் மறைந்துபோகலாம்.

இடைநிலை வடிகட்டி: அண்டைப் பிக்சல்களை வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுத்துக்கொள்ளும். ஒற்றைப் பிக்சலில் கூர்மையாக எழும் அண்டக்கதிர்த் தடங்களையும் பழுதான பிக்சல்களையும் நீக்க ஏற்றது. ஆனால் புள்ளிப் பரவல் மிகக் குறுகலாக உள்ள படிமங்களில் இது உண்மை விண்மீன்களையும் அழித்துவிடும்.

வேவ்லெட் வடிகட்டி: ஒரே படிமத்தைப் பல அகலங்களில் வடிகட்டி, சிறிய மூலங்களையும் விரிந்த மூலங்களையும் தனித்தனியே தேடும். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரால் 1999 ஜூலை 23 அன்று ஏவப்பட்ட சந்திரா எக்சு-கதிர் தொலைநோக்கியின் மென்பொருள் தொகுப்பில் இவ்வகைக் கருவி உள்ளது. சந்திராவின் புள்ளிப் பரவல் படிமத்தின் நடுவில் கூர்மையாகவும் விளிம்புகளில் அகன்றும் இருப்பதால், ஒரே அகலமுள்ள வடிகட்டி அங்குப் போதாது.

தொழிற்பகுதி வானமும் வடிகட்டியின் எல்லையும்

வடிகட்டியால் எது இயலும், எது இயலாது என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி போன்ற ஓர் இடத்தைக் கொண்டு விளக்கலாம். அங்கு சிப்காட் தொழிற்பேட்டையின் விளக்குகளும் தெற்கே சென்னை மாநகரின் ஒளியும் வானில் சிதறுகின்றன. கிழக்கே பழவேற்காடு ஏரியும் வங்கக் கடலும் இருப்பதால் அப்பக்கம் விளக்குகள் குறைவு. இத்தகைய இடத்தில் எடுக்கும் படிமத்தில் பின்னணி ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும். படிமம் முழுவதற்கும் ஒரே பின்னணி மதிப்பைக் கழித்தால், ஒளிமிகுந்த பக்கத்தில் போலிகள் குவியும். இருண்ட பக்கத்தில் உண்மை மூலங்கள் விடுபடும்.

இதற்குத் தீர்வு உண்டு. படிமத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பின்னணியைத் தனியே மதிப்பிட்டு, அவற்றை இணைத்துப் பின்னணி வரைபடம் ஒன்றை உருவாக்கிக் கழிக்கலாம். கட்டத்தின் அளவு மிகச் சிறிதானால் விரிந்த பேரடையின் ஒளியே பின்னணியாகக் கழிந்துவிடும். மிகப் பெரிதானால் சாய்வு எஞ்சி நிற்கும்.

சரிவு நீங்கினாலும் அது விட்டுச்சென்ற இரைச்சல் நீங்குவதில்லை. வானப் பின்னணி நான்கு மடங்கானால் இரைச்சல் இரு மடங்காகும். மேற்கண்ட விண்மீன் அப்போது 3.2-க்குப் பதில் 1.6 மடங்கில் நிற்கும். பொருந்து வடிகட்டி அதை 2.4 வரைதான் உயர்த்தும். அது நம்பத்தக்க வரம்பன்று. இருண்ட வானத்தில் கிடைத்த பயனை மீட்க நான்கு மடங்கு நேரம் பதிவு செய்ய வேண்டும். பழைய சோடியம் விளக்குகளின் ஒளி பெரிதும் சில அலைநீளங்களில் குவிந்திருந்ததால் கண்ணாடி வடிகட்டியால் ஓரளவு தடுக்க முடிந்தது. வெண்ணிற எல்இடி விளக்குகளின் ஒளி பரந்த நிறமாலையில் விரவியிருப்பதால் அவ்வழியும் குறுகிவிட்டது. காவலூர் வானாய்வகம் நகரங்களை விட்டு ஜவ்வாது மலையில் அமைக்கப்பட்டதன் பொருத்தம் இக்கணக்கில் விளங்கும். மென்பொருள், இருண்ட வானத்துக்கு மாற்று ஆகாது.

இந்திய எடுத்துக்காட்டுகள்

அஸ்ட்ரோசாட்: பழவேற்காடு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து 2015 செப்டம்பர் 28 அன்று பிஎஸ்எல்வி-சி30 ஏவுகலம் அஸ்ட்ரோசாட் விண்கலத்தை ஏவியது. அதிலுள்ள யுவிஐடி என்னும் புறஊதாத் தொலைநோக்கி ஒளியன்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பதிவு செய்கிறது. அங்கு பின்னணி மிகக் குறைவு. பல பிக்சல்களில் ஒளியனே விழாமல் இருக்கலாம். இந்நிலையில் இயல்நிலைப் பரவல் பொருந்தாது. பாய்சான் பரவலைக் கொண்டே வரம்பைக் கணக்கிட வேண்டும். புனேயிலுள்ள ஐயுகா நிறுவனத்தின் கனக் சாகா தலைமையிலான குழு, 2016 அக்டோபரில் 28 மணி நேரத்துக்கும் மேலாக எடுத்த யுவிஐடி பதிவுகளிலிருந்து ஏயுடிஎஃப்எஸ்01 என்னும் பேரடையின் அதிபுறஊதா ஒளியைக் கண்டறிந்து 2020-இல் அறிவித்தது. அப்பேரடை 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ளது. யுவிஐடி உணரியின் பின்னணி இரைச்சல் ஹப்பிள் தொலைநோக்கியின் உணரியைவிடக் குறைவாக இருந்தது இக்கண்டறிதலுக்குத் துணை செய்தது.

ஜிஎம்ஆர்டி: புனே அருகிலுள்ள இவ்வானொலித் தொலைநோக்கி கொண்டு 150 மெகாஹெர்ட்சில் எடுத்த டிஜிஎஸ்எஸ் அளக்கையின் தரவுகளை மறுசெயலாக்கி 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் ஏறத்தாழ 6.2 இலட்சம் மூலங்கள் உள்ளன. அதற்கு வைக்கப்பட்ட வரம்பு 7 மடங்கு. வானொலிப் படிமங்களில் அண்டைப் பிக்சல்கள் இயல்பாகவே ஒன்றையொன்று சார்ந்தவை. பொலிவான மூலங்களைச் சுற்றிச் செயற்கைத் தடங்களும் எழும். இயல்நிலைப் பரவலின் கணக்கை மட்டும் நம்பாமல் உயர்ந்த வரம்பு வைப்பது இத்தகைய படிமங்களில் இன்றியமையாதது.

செயல்முறையின் வரிசை

மூலங்கண்டறிதலில் வடிகட்டல் ஒரு படி மட்டுமே. பொதுவான வரிசை பின்வருமாறு அமையும்.

1. உணரியின் அடிப்படைக் குறிகை, வெப்பக் குறிகை, பிக்சல்களின் உணர்திறன் வேறுபாடு ஆகியவற்றைத் திருத்துதல்.
2. அண்டக்கதிர்த் தடங்களையும் பழுதான பிக்சல்களையும் அடையாளமிடுதல்.
3. பின்னணி வரைபடத்தை உருவாக்கிக் கழித்தல்.
4. சில பொலிவான தனி விண்மீன்களைக் கொண்டு புள்ளிப் பரவலின் அகலத்தை அளத்தல்.
5. அந்த அகலத்துக்கேற்ற வடிகட்டியால் படிமத்தின் ஒரு நகலை வடிகட்டுதல்.
6. வரம்பைத் தாண்டும் அடுத்தடுத்த பிக்சல்களை ஒரு மூலமாகத் தொகுத்தல்.
7. ஒன்றோடொன்று ஒட்டிய மூலங்களைப் பிரித்தல்.
8. பொலிவை வடிகட்டாத படிமத்தில் அளத்தல்.

கடைசிப் படி மிக முக்கியமானது. வடிகட்டல் விண்மீனின் உச்சத்தைத் தாழ்த்தி ஒளியை அகலப் பரப்புகிறது. எடுத்துக்காட்டில் 32 ஆக இருந்த உச்சம் 18 ஆனது. வடிகட்டிய படிமத்தில் சிறு வட்டத்துக்குள் பொலிவை அளந்தால் விண்மீன் உண்மையைவிட மங்கலாகத் தோன்றும். அண்டை விண்மீனின் ஒளியும் உள்ளே கலக்கும். அண்டைப் பிக்சல்கள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் பிழை மதிப்பீடும் உண்மையைவிடக் குறைவாக வரும். எனவே வடிகட்டிய நகல் எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லும். எவ்வளவு ஒளி உள்ளது என்பதை மூலப் படிமமே சொல்ல வேண்டும்.

முடிவுகளைச் சரிபார்த்தல்

வடிகட்டியும் வரம்பும் சரியாக அமைந்தனவா என்பதை அறிய இரு எளிய சோதனைகள் உள்ளன. முதலாவதில் பின்னணி கழித்த படிமத்தின் எல்லா எண்களையும் குறி மாற்றி, அதே அமைப்புகளுடன் மென்பொருளை மீண்டும் இயக்க வேண்டும். குறி மாற்றிய படிமத்தில் உண்மையான மூலங்கள் இருக்க முடியாது. ஆகவே அங்குக் கிடைப்பவை அனைத்தும் போலிகள். இரைச்சல் இருபுறமும் சமச்சீராக இருந்தால், மூல அட்டவணையிலும் ஏறத்தாழ அத்தனை போலிகள் இருக்கும். இரண்டாவதில் பொலிவு தெரிந்த செயற்கை விண்மீன்களைப் படிமத்தில் சேர்த்து, அவற்றில் எத்தனை திரும்பக் கிடைக்கின்றன என்று எண்ண வேண்டும். எந்தப் பொலிவெண் வரை பட்டியல் முழுமையானது என்பது இதனால் தெரியும். முதற்சோதனை போலிகளையும் இரண்டாவது விடுபட்டவற்றையும் அளக்கின்றன.

நகரும் பொருள்களைத் தேடும்போது மற்றொரு சரிபார்ப்பும் கிடைக்கிறது. மாணவர்கள் பங்கேற்கும் சிறுகோள் தேடல் இயக்கங்களில் ஒரே வானப்பகுதியைச் சில நிமிட இடைவெளிகளில் எடுத்த படிமத் தொகுதி வழங்கப்படுகிறது. அவற்றை அஸ்ட்ரோமெட்ரிக்கா என்னும் மென்பொருளில் மாணவர்கள் ஆராய்கின்றனர். இரைச்சலில் எழுந்த போலி ஒரு படிமத்தில் தோன்றி அடுத்ததில் மறையும். உண்மையான சிறுகோள் எல்லாப் படிமங்களிலும் ஒரே கோட்டில், சீரான வேகத்தில், ஏறத்தாழ ஒரே பொலிவுடன் நகரும். தனித்தனியே வரம்பின் அருகில் நிற்கும் மங்கலான புள்ளிகள்கூட இந்நான்கு நிபந்தனைகளையும் நிறைவு செய்தால் நம்பத்தக்கவை ஆகின்றன. ஒற்றைப் படிமத்தை எவ்வளவு வடிகட்டினாலும் கிடைக்காத இச்சான்று, மீண்டும் ஒருமுறை வானத்தைப் பார்ப்பதால் மட்டுமே கிடைக்கிறது.